காலை ஆறரை, பத்து நிமிடம்

ஜூன் 15, சனி

டைரி எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஷெரின் மேடம் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். "கூட இருக்கிற பேரன்ட் தினமும் நாலு வரியாவது எழுதணும் சார். குழந்தை என்ன பண்ணுச்சுன்னு மட்டும் இல்ல, உங்களுக்கு என்ன தோணுச்சுன்னும் எழுதுங்க." எனக்கு என்ன தோன்றினால் இவர்களுக்கு என்ன? சரி. கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த டைரி இரண்டு வருடமாகச் சும்மா கிடந்தது. தேதியை அடித்துத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் மிருதுளாவுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருடமாகக் கழுத்தை வலப்பக்கம் வெட்டி வெட்டி இழுக்கிறாள். கூடவே கண்ணும் சுருங்கும். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருகிறது. சேலத்து டாக்டர் இதற்கு 'டிக்' என்று பெயர் சொல்லி, மாத்திரைக்கு முன்னால் பயிற்சி செய்து பார்க்கலாம் என்றாராம். பயிற்சி கொடுக்கிற ஷெரின் மேடம் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். மிருது சேலத்தில், அவள் அம்மா பூங்கொடியோடு. நான் திருப்பூரில். மூன்று பேரும் போன் திரையில் மூன்று கட்டத்துக்குள். பத்து வாரம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடத்தோடு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறரைக்கு நானும் மிருதுவும் மட்டும், பத்து நிமிடம்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், பூங்கொடி நர்ஸ். ஏழு மணி டூட்டிக்கு ஆறேகாலுக்கே பஸ் ஏற வேண்டும். கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் எனக்குப் போன் வந்தது. நாங்கள் தனித்தனியாக இருக்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது.

"துணியைப் போட்டோவுல பாத்துச் செக்கிங் பண்ண முடியுங்களா மேடம்? நேர்ல தொட்டுப் பாத்தாத்தானுங்க பழுது தெரியும். இது போன்லயே எப்படிங்க சரியாகும்?" என்று கேட்டேன். மேடம் சிரித்தார்கள். மிருது சிரிக்கவில்லை. அவள் கட்டத்தில் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. வகிடு கோணலாக இருந்தது. முன்பெல்லாம் நான்தான் வகிடு எடுத்துவிடுவேன்.

என் கேமராவை அணைத்து வைத்திருந்தேன். இங்கே ரூமில் டவர் சரியாக எடுப்பதில்லை.

ஜூன் 17, திங்கள்

முதல் நாள் பயிற்சி. மேடம் சொன்ன முறை ஒன்றும் கஷ்டமில்லை. வெட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் மோவாயை லேசாகத் தாழ்த்தி, கழுத்தை மெதுவாக இறுக்கி, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த வேகம் அடங்குகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். வாட்ச் பிடிப்பது என் வேலை. வெட்டு வந்துவிட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓட விட வேண்டும். மொத்தம் எத்தனை என்று எண்ணி மேடத்துக்கு அனுப்ப வேண்டும். அன்றன்றைய எண்ணிக்கையை நான் மிருதுவிடம் சொல்லக் கூடாது, அதையே நினைத்துக்கொண்டிருப்பாளாம்.

ஆறரைக்குப் போனை எடுத்தாள். "ம்" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

என் வாய் சும்மா இருந்ததா? மூன்றாவது நிமிடத்திலேயே, "இந்தா, பண்ணிட்டே பாரு. இந்தா, மறுக்காவும்" என்றேன். போனை வைத்துவிட்டாள். இன்னும் ஏழு நிமிடம் பாக்கி இருந்தது.

ஜூன் 22, சனி

மேடத்திடம் செம டோஸ். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள்.

"சார், டிக் வரும்போது சொல்லிக் காட்டாதீங்க. திட்டாதீங்க. ஐயோ பாவம்னும் சொல்லாதீங்க. எண்ணுங்க, ஆனா மூஞ்சில காட்டிக்காதீங்க."

"என்ற மூஞ்சிதான் தெரியறதில்லீங்களே மேடம்."

"அதையும் கொஞ்சம் பாருங்க சார். கேமரா ஆன்ல இருந்தா அவளுக்குத் துணையா இருக்கும்."

"டவர் இல்லீங்க."

எண்ணுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்தாறு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். டேபிளில் வந்து விழுகிற பீஸில் எண்ணெய்க் கறை, ஓட்டை, பிசிறு எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்து மறுபடி எண்ணிப் பார்த்தாலும் நான் எழுதிய எண் மாறியதில்லை. மாறியிருந்தால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன்.

இந்த வாரச் சராசரி: பத்து நிமிடத்துக்கு 34.

ஜூன் 25, செவ்வாய்

இந்தக் காலர் சனியனை என்ன செய்வது என்றே தெரியவில்லை. எந்தச் சட்டை எடுத்தாலும் கழுத்தில் உறுத்துகிறது. செக்கிங் டேபிளில் இருக்கிற சிவகாமி அக்கா இன்றைக்கு எல்லார் முன்னாலும், "ஏனுங்க சூப்ரவைசரு, ஊருக்கெல்லாம் பட்டன் சரியா இருக்குதான்னு பாக்கறீங்க, உங்க சட்டைக்கு மேல் ரெண்டு பட்டன் எங்கீங்க?" என்று கேட்டது. டேபிளே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் ஸ்டோருக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக இருந்துவிட்டு வந்தேன்.

எண்ணிக்கை 31. மிருது இன்றைக்கு "சரி" என்றும் "வெக்கறேன்" என்றும் சொன்னாள். இரண்டு வார்த்தை.

ஜூன் 29, சனி

இன்றைக்கு ஒன்று நடந்தது.

வெட்டு வருவதற்கு முன்னால் உள்ளே ஓர் உணர்வு வருமாம். அதை அடையாளம் தெரிந்துகொண்டால்தான் பிடித்து நிறுத்த முடியும். அது எப்படி இருக்கும் என்று மேடம் மிருதுவிடம் கேட்டார்கள். அரிப்பா? வலியா? குறுகுறுப்பா? எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். "தெரீல மேடம். சொல்லத் தெரீல." அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "காலருக்குள்ள ஒரு நூல் பிசிறு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்குமுங்க மேடம். தோல்ல பட்டும் படாம. ஒதறுனாத்தான் போகும்னு இருக்கும். ஒதறுனா ஒரு செகண்டு போகும். அப்பறம் மறுபடியும் அங்கியே இருக்கும். யாராவது பாக்கறாங்கன்னு தெரிஞ்சா ரெண்டு நூலாயிரும்."

மிருது நிமிர்ந்தாள். இரண்டு வாரத்தில் முதல் தடவையாக முழு முகத்தைப் பார்த்தேன். மூக்கின் மேல் பருவுக்கு ஏதோ வெள்ளையாகத் தடவியிருந்தாள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நெற்றி அப்படியே என்னுடையது.

"ஆமா மேடம். அப்படியேதான்" என்றாள். அப்புறம் என் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

"துணிக்காரனுக்கு நூலைப் பத்தித் தெரியாதா சாமி?" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்பா என்று கூப்பிட்டாள். அதைத்தான் எழுத வந்தேன்.

ஜூலை 3, புதன்

ஒரு வெட்டும் இல்லாமல் 48 விநாடி! வாட்சைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவளும் "ஐ!" என்றாள். பல் தெரிந்தது. வேலைக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். முதலாளி மகன் வாட்சைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

முதல் ஞாயிறு. பிரியும்போது பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது, மாதத்தின் முதல் ஞாயிறு மிருது என்னோடு இருப்பாள் என்று. ஜனவரிக்கு அப்புறம் அவள் வரவில்லை. சங்ககிரிக் கல்யாணத்துக்கு அப்புறம். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

இன்றைக்கு வந்தாலும் வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரூமைக் கழுவினேன். பேக்கரியில் தேங்காய் பன் இரண்டு வாங்கினேன். அவளுக்கு அதில் நடுவில் இருக்கிற தேங்காய்ப்பூ மட்டும் வேண்டும், ஓரத்தை எனக்குத் தள்ளிவிடுவாள். சேலம் பஸ் வருகிற நேரத்துக்குப் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்விட்டு வந்தேன். சும்மா, டீ குடிக்கத்தான். மூன்று பஸ் வந்தது.

பன்னைப் பிரிக்கவில்லை. நாளைக்குச் சிவகாமி அக்காவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 13, சனி

கேமராவைப் போடச் சொல்லி மேடம் நாலாவது தடவையாகக் கேட்டார்கள். டவர் இல்லை என்றேன். மிருது சட்டென்று, "அங்க டவரெல்லாம் நல்லாத்தான் இருக்குது மேடம். நான் போனப்ப மாடில உக்காந்து படம் பாத்திருக்கேன்" என்றாள். பிறகு, மெதுவாக, "அவருக்கு என்னையப் பாக்கறதுக்கு இஷ்டம். அவரு மூஞ்சியக் காட்டத்தான் இஷ்டமில்ல" என்றாள்.

அவரு என்றாள். வெளியாளைச் சொல்கிற மாதிரி.

போட்டுவிடலாம் என்றுதான் கையைக் கொண்டுபோனேன். இந்தக் காலர் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

ஜூலை 16, செவ்வாய்

பத்து நிமிடம் முடிந்த பிறகும் போனை வைக்கவில்லை. பள்ளிக்கூடக் கதை சொன்னாள். போன வருடம் பிரேயரில் நியூஸ் வாசிக்கிற முறை அவளுக்கு வந்தபோது, மிஸ் கடைசி நிமிடத்தில் வேறு பெண்ணை வாசிக்க விட்டுவிட்டார்களாம். "கழுத்து ஆடுனா எல்லாரும் சிரிப்பாங்க கண்ணு, உனக்குத்தான் சங்கடம்" என்றார்களாம். இந்த வருடம் ஆகஸ்டில் மறுபடி அவளுக்கு முறை வருகிறது.

"பேப்பரத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா கழுத்து தெரியாதில்லப்பா?"

"நீ எதுக்கு மறைக்கறே? நல்லா நிமிந்து நின்னு வாசி" என்றேன். சொல்கிறவன் கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு நிமிடம் பேசினோம். எண்ணிக்கை 14.

ஜூலை 20, சனி

சராசரி 9. மேடம் கோட்டுப் படம் போட்டுக் காட்டினார்கள். கோடு மலையிலிருந்து இறங்குகிற ரோடு மாதிரி சரசரவென்று இறங்கியிருந்தது. "சூப்பர் மிருது" என்றார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் நான் மிட்டாய் வாங்கி ஒளித்து வைத்தால் கண்டுபிடித்துவிட்டு இப்படித்தான் சிரிப்பாள்.

ஜூலை 27, சனி

சராசரி 5.

மேடம் சந்தோஷமாகச் சொன்னார்கள். "இன்னும் ரெண்டு வாரம் அஞ்சுக்கு மேல போகாம இருந்துச்சுன்னா, தினசரிப் பயிற்சியை நிறுத்திடலாம் சார். அவ தனியாவே பார்த்துப்பா. நீங்களும் காலைல நிம்மதியா தூங்கலாம்."

"சரிங்க மேடம், நல்லதுங்க" என்றேன்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆறரை மணி என்று ஒன்று இல்லாமல் போனால் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? அவள் நன்றாக ஆக வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நன்றாக ஆகிறாள். பிறகு ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை? பழையபடி முதல் ஞாயிறு, பஸ் ஸ்டாண்ட், தேங்காய் பன் என்று உட்கார என்னால் முடியாது.

ஜூலை 29, திங்கள்

இன்றைக்கு மிருது பிரமாதம். முழுப் பத்து நிமிடமும் வாட்சில் விரலை வைக்க வேலையே இல்லை. நடுவில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். சட்னியில் உப்புத் தூக்கல் என்றாள்.

அனுப்பிய எண்ணிக்கை: 12.

ஜூலை 30, செவ்வாய்

13. ஸ்கிரீன் சின்னது. எனக்கு அப்படித்தான் பட்டது.

ஜூலை 31, புதன்

15.

ஆகஸ்ட் 1, வியாழன்

கம்பெனியில் ஒரு லாட் துணியை முழுக்க மறுபடி செக் பண்ணச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பார்க்காமலேயே கோடு போட்டிருந்தாள். கண்டபடி திட்டிவிட்டேன். "எண்ணாம எப்படி எழுதுவே? கை கூசல?" என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். சிவகாமி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தது.

16.

ஆகஸ்ட் 3, சனி

பூங்கொடியும் லீவு போட்டுவிட்டு மிருது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நரை தெரிகிறது அவளுக்கு.

மேடம் கோட்டுப் படத்தைப் போட்டார்கள். இறங்கி வந்த ரோடு மறுபடி மேலே ஏறியிருந்தது. "சில பேருக்கு இப்படித் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். ஆனா ஒரே வாரத்துல இவ்வளவு ஏறுனா டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். மாத்திரை யோசிக்கலாம்னு லெட்டர் எழுதப் போறேன்" என்றார்கள்.

மிருது அந்தக் கோட்டையே பார்த்தாள். "நான் நல்லாத்தானே பண்ணேன் மேடம்? வரவே இல்லியே. வந்தாக்கூட எனக்குத் தெரியாமப் போயிருச்சா?" என்றாள். "அப்ப எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரீலியா? நான் நியூஸ் வாசிக்கல மேடம். மிஸ்கிட்டச் சொல்லீர்றேன்."

முகத்தை அம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டாள். பூங்கொடி என் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து, "மாத்திர போட்டா தூங்கித் தூங்கி விழுவாளேங்க. வார்டுல பாக்கறேனே நான்" என்றாள். மூன்று வருடத்தில் என்னை 'ங்க' போட்டுப் பேசியது இன்றைக்குத்தான்.

நான் மைக்கையும் அணைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முதல் ஞாயிறு. பன் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை.

எழுதப் போவதில்லை என்று சொன்னதை எழுதுகிறேன்.

ஜனவரியில் சங்ககிரியில் என் சித்தப்பா மகன் கல்யாணம். மிருதுவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்தோம். எதிர்வரிசையில் எங்கள் சொந்தம் முழுக்க. அவளுக்கு வெட்டு வந்தது. ரசம் வாங்கின தம்ளர் தட்டி, பக்கத்து இலைக்காரர் வேட்டியில் கொட்டியது. யாரோ, "குழந்தவேலு, புள்ளைக்கு என்னப்பா? உங்கப்பன் உன்னையப் புடிச்சு ஒடுக்குன மாதிரி நாலு போட்டு ஒடுக்கோணும்" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் கை தானாகப் போனது. அவள் பிடரியைப் பிடித்து அழுத்தினேன். "நிறுத்து. நிறுத்துடி" என்றேன். என் விரல் நாலும் அவள் கழுத்தில் பதிந்தது.

எங்கப்பா என்னைப் பிடித்த அதே இடம். எனக்கு அப்போது பத்து வயது. சாப்பிடும்போது, பஸ்ஸில், பள்ளிக்கூட வாசலில், எனக்கு வெட்டு எங்கே வந்தாலும் அவர் கை வந்து பிடரியில் உட்காரும். நான் அடக்கக் கற்றுக்கொண்டேன். அடக்கவில்லை, ஒளிக்கக் கற்றுக்கொண்டேன். காலர் உறுத்துகிறது, பட்டன் இறுக்குகிறது என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பூங்கொடியிடம்கூடச் சொன்னதில்லை. மிருதுவுக்கு வந்தபோது, "உங்க வீட்டுப் பக்கம் யாருக்காச்சும் இருக்கும்" என்று பூங்கொடியிடமே போனில் சண்டை போட்டேன்.

காலரில் ஒன்றும் இல்லை. எந்தச் சட்டையிலும் ஒன்றும் இருந்ததில்லை.

போன வாரம் மிருதுவின் கழுத்து திங்கள் 0. செவ்வாய் 2. புதன் 1. வியாழன் 0. வெள்ளி 1. இதுதான் சரியான எண்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆறரைக்குப் போன் எடுக்கவில்லை. "வயித்த வலி" என்று மெசேஜ்.

ஆகஸ்ட் 7, புதன்

எடுக்கவில்லை. மேடத்துக்கு மூன்று தடவை மெசேஜ் எழுதி அழித்தேன். எழுதி அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்கிற விஷயமில்லை இது. சனிக்கிழமை அவள் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

கேமராவைப் போட்டேன்.

காலர் இல்லாத பனியனோடு உட்கார்ந்தேன். என் முகம் திரையில் வந்ததும் மேடம் "ஆ, சார்!" என்றார்கள். மிருது அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், நிமிரவில்லை.

"மேடம், நான் அனுப்புன நம்பரு பொய்யுங்க" என்றேன். டைரியைப் பார்த்துச் சரியான எண்ணை நாள் வாரியாக வாசித்தேன். "புள்ள நல்லாத்தான் பண்ணுச்சுங்க. பழுது அவகிட்ட இல்லீங்க. பயிற்சி நின்னுட்டா அவளைப் பாக்க முடியாதுன்னு நாந்தான் ஏத்திப் போட்டேன்."

மேடத்துக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. குரலே உயரவில்லை. "சார், அந்த நம்பரை நம்பித்தான் டாக்டருக்கு லெட்டர் போட்டேன். அவங்க மாத்திரை எழுதியிருந்தா? இனிமே எண்ணிக்கையை நீங்க அனுப்ப வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

"சரிங்க மேடம்."

"இதுலயுமா பொய்?" என்றாள் பூங்கொடி.

இதற்குள் எனக்கு வந்துவிட்டது. பதற்றம் வந்தால் அதுவும் சேர்ந்து வரும். ஒளிக்கவில்லை. வலது தோள் தூக்கி, கழுத்து வெட்டி, மறுபடி, மறுபடி. மிருது நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பூங்கொடியும் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள், இன்றைக்குத்தான் என்னைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"சங்ககிரில உன்ற கழுத்தப் புடிச்சேன் பாரு சாமி. அது எங்கப்பன் கை. எனக்குத் தெரிஞ்சே புடிச்சேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

மிருது எழுந்து போய்விட்டாள். அவள் கட்டத்தில் நாற்காலி மட்டும் இருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஆறரைக்குப் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பூங்கொடி டூட்டியை மாற்றிக்கொண்டு அவளே வாட்ச் பிடிக்கிறாளாம், மேடம் போனில் பார்த்து எண்ணுகிறார்களாம். மேடம் மெசேஜ் போட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

இல்லை. ஒன்றாம் தேதி திட்டிய அந்தப் புதுப் பெண்ணிடம் போய், அன்றைக்கு ரொம்ப அதிகமாகப் பேசிவிட்டேன் என்றேன். அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள். சிவகாமி அக்கா, "சூப்ரவைசருக்குக் காச்சலுங்களா?" என்றது. சட்டைக்குக் காலர் இல்லாததையும் பார்த்தது. டீ வரும்போது தன் பங்கு வடையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பூங்கொடியிடமிருந்து ஒரு வீடியோ. பள்ளிக்கூட மைதானம். யாரோ தூரத்திலிருந்து எடுத்தது, பாதி நேரம் முன்னால் நிற்கிற பிள்ளைகளின் தலைதான் தெரிகிறது. மைக்குக்கு முன்னால் மிருது. இன்றைய முக்கியச் செய்திகள் என்று ஆரம்பிக்கிறாள். பேப்பரை நெஞ்சுக்கு நேராகத்தான் பிடித்திருந்தாள். மறைக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை வெட்டு வந்தது. நிறுத்தி, மோவாயைத் தாழ்த்தி, மூச்சு விட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

நான் எண்ணவில்லை. அந்த ஒன்று கண்ணில் பட்டதால் எழுதினேன். முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். வீடியோவுக்குக் கீழே பூங்கொடி ஒன்றும் எழுதவில்லை. நானும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் போடலாமா என்று யோசித்து, போடாமல் விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

கடைசி வாரம். ஐந்து மணிக்கு நானும் இருந்தேன், கேமராவோடு. மேடம் எண்ணியதில் இந்த வாரச் சராசரி 2. மாத்திரை வேண்டாம் என்று டாக்டருக்கு வேறு லெட்டர் போய்விட்டதாம். மிருது மேடத்திடம் மட்டும் பேசினாள்.

கடைசிப் பாடம் ஒன்று இருக்கிறதாம். கற்றுக்கொண்டதை வேறு யாருக்காவது சொல்லிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் மறக்காதாம். "யாருக்குச் சொல்லித் தரப் போறே மிருது?" என்று மேடம் கேட்டார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்றாள்.

"தேங்க்ஸ் சார், ஆல் த பெஸ்ட்" என்றார்கள் மேடம். மற்ற இரண்டு கட்டமும் போய்விட்டது. போனில் என் முகம் மட்டும் இருந்தது. இந்த டைரியும் இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி எப்போதும் கிடையாது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறரைக்குப் போன் அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தேன். மிருது தலை சீவி, நேர் வகிடு எடுத்து, மேஜைக்கு முன்னால் டீச்சர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் அம்மாவின் வாட்ச்.

"வாயக் கொப்புளிச்சுட்டு வாங்க. பத்து நிமிஷம்."

கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"வரும்போது மோவாயக் கொஞ்சம் எறக்கோணும். ரொம்ப இல்ல. கழுத்த மெதுவா இறுக்கோணும். மூச்ச விடோணும்." வாட்சின் வாரைத் திருகினாள். பிறகு, "உங்க காலருக்குள்ளயும் நூல் இருக்குதாப்பா?" என்றாள்.

"இருக்குது சாமி."

"எத்தன வயசுலருந்து?"

"ஒம்பதோ பத்தோ."

"தாத்தா ரொம்ப அடிப்பாரா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயோ பாவம் என்று சொல்லக் கூடாது என்பது மேடத்தின் விதி. "சரி, ஆரம்பிக்கலாம்" என்று வாட்சை அழுத்தினாள்.

கஷ்டமாகத்தான் இருந்தது. ஐந்து விநாடிகூட நிற்கவில்லை. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. நான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தபோதெல்லாம் "நிமிருங்கப்பா" என்றாள். குனிந்து ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நாலு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே. அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சின்னப் பிள்ளையாக என் மடியில் உட்கார்ந்து பார்த்திருப்பாள்.

முடிந்ததும் எண்ணிக்கையை நோயாளியிடம் சொல்லக் கூடாது என்ற விதியை மறந்துவிட்டாள். நோட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"முப்பத்தொண்ணு. ஆனா இது சரியான நம்பரு இல்லப்பா. ஸ்கிரீன்ல உங்க தோளு பாதிதான் தெரியுது." கோட்டை மறுபடி விரல் வைத்து எண்ணினாள். என்னைப் பார்க்காமல், நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நேர்ல வந்துதான் எண்ணோணும். ஒண்ணாந்தேதி ஞாயித்துக்கெழமதான் வருது. எத்தன மணி பஸ்ஸுன்னு அம்மாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்றைய எண்ணிக்கை: 31. எண்ணியவர்: மிருதுளா.